குட்டிக்குப் பால் தேடாதீங்க, தாய்க்குச் சோறு போடுங்க

களுதாவளையில இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கா. கடிதம் நல்ல நீளம், முக்கியமான இடங்களை மட்டும் இதில போடுறன்:

"டொக்டர், எங்கட வீட்டு நாய் ஜூலி ஆறு நாளைக்கு முந்தி ஏழு குட்டி போட்டிச்சி. ஒண்டு அண்டைக்கே செத்துப் போயிட்டு, இப்ப ஆறு இருக்கு. அதில ஒரு வெள்ளைக் குட்டி சரியான சின்னன், மற்றதுகள் அதைத் தள்ளிட்டுக் குடிக்குது, ராவெல்லாம் அழுகுது. ஜூலியும் அதை மூக்கால ஒதுக்கி விடுது. அம்மா பசுப்பாலுக்குப் பாதித் தண்ணி விட்டுப் பிள்ளப் போத்தலால பருக்கிறா, நேத்தில இருந்து அதுக்கு வயித்தால போகுது. ஜூலிக்கு விறாந்தையில பெட்டி வச்சுக் குடுத்தம், அதில நிக்காம குட்டிகளைக் கவ்விக்கொண்டு குசினிக்குப் பின்னால விறகு அடுக்கின இடத்துக்குப் போகுது. அதுக்கு இன்னும் பின்பக்கத்தால கறுப்புச் சிவப்பாப் போகுது. கல்சியம் குளிசை குடுக்கட்டா? மாமி பெட்டைக் குட்டி நாலையும் கண் திறக்க முந்தி எங்கயாவது கொண்டு போய் விடச் சொல்றா. மகனுக்கு எட்டு வயசு, குட்டியத் தூக்கப் போய் நேத்து ஜூலி கையில கடிச்சிட்டு, பல்லு லேசாத்தான் பட்டது. ஜூலிக்குப் போன வருசம் ஊசி போட்டது, இந்த வருசம் போடல."

தங்கச்சி, நீங்க கடைசியா எழுதினதத்தான் நான் முதல்ல எடுக்கிறன். மகன்ட கை. பல்லு லேசாப் பட்டது எண்டாலும் தோல் கீறியிருந்தா அது கடிதான். இதை வாசிக்கிற இந்த நேரத்திலயே அந்த இடத்தை ஓடுற தண்ணியில சவுக்காரம் போட்டு 15 நிமிசம் கழுவுங்க, நேத்துக் கழுவியிருந்தாலும் பரவாயில்ல இன்னொருக்காக் கழுவுங்க, மஞ்சள் கோப்பித்தூள் ஒண்டும் அப்ப வேணா, கழுவிட்டு இண்டைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. உங்களுக்குக் கிட்ட களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை இருக்கு. நாய்க்கு இந்த வருசம் ஊசி போடல, குட்டி போட்டு ஆறு நாள், குட்டியத் தூக்கப் போனதாலதான் கடிச்சது, இந்த மூண்டையும் அங்க இருக்கிற டொக்டரிட்டச் சொல்லுங்க, மகனுக்கு ஊசி வேணுமா வேணாமா எண்டத அவர் முடிவு எடுப்பார். குட்டியோட இருக்கிற தாய் சீறிக் கடிக்கிறது அதுட இயல்பு, அது விசர் பிடிச்சதுக்கு அடையாளம் இல்ல. அதால பயத்தில ஜூலிய அடிக்கவோ எங்கயும் கொண்டு போய் விடவோ செய்யாதீங்க, அது வளவுக்குள்ள கண்ணுக்கு முன்னால நிக்கிறதுதான் இப்ப மகனுக்கும் பாதுகாப்பு, ஏனெண்டா அடுத்த 14 நாளும் அது நல்லாத் திண்டு குடிச்சுச் சுகமா நிக்குதா எண்டு பாக்கிறதும் ஆஸ்பத்திரியில சொல்ற ஒரு விசயம். விசர்நாய்க்கடி நோய் ஒருக்கா வெளிப்பட்டா மனுசரைக் காப்பாத்தறது கிட்டத்தட்ட நடக்காத காரியம், முந்திப் போட்ட ஊசிதான் காப்பாத்தும், அதாலதான் இதில நான் சமாதானம் சொல்லாம விரட்டுறன்.

சரி, இப்ப வெள்ளைக் குட்டி.

நீங்க அது பசியில அழுகுது எண்டு நினைக்கிறீங்க. எனக்குக் கடிதத்தை வாசிக்கேக்க வந்த முதல் சந்தேகம் அது குளிர்ந்து போயிருக்கு எண்டது. இப்ப மாரி, கடலோர ஊர், விறாந்தையில வாடைக்காத்து நேரா அடிக்கும், எங்களுக்கே போர்வை தேடுது. பிறந்த குட்டிக்கு முதல் கிழமையில நடுங்கத் தெரியாது தங்கச்சி. நாங்க குளிர்ந்தா உடம்பு நடுங்கிச் சூடு உண்டாக்கும், அதுகளுக்கு அந்த வேலை இன்னும் தொடங்கல. தாய்ட வயிறும் கூடப் பிறந்ததுகள்ட உடம்பும்தான் அதுகளுக்கு அடுப்பு. முதல் கிழமையில குட்டிட உடம்புச் சூடே 35 தொடக்கம் 37 பாகைக்குள்ளதான் நிக்கும். அது 35க்குக் கீழ விழுந்தா குடல் வேலை செய்யாம நிண்டு போகும், சப்பிக் குடிக்கிற பலமும் போயிடும். இன்னொண்டு, குளிர்ந்த குட்டியத் தாய் ஒதுக்கும். "தாய்க்குத் தெரியும் அது தப்பாது எண்டு" எண்டு எங்கட ஆக்கள் சொல்லிட்டு விட்டிடுவாங்க, ஆனா எத்தினையோ தரம் நான் கண்டிருக்கிறன், அதே குட்டியச் சூடாக்கித் திரும்ப வயித்தோட வச்ச உடன தாய் நக்கத் தொடங்கும்.

பேராதனையில மிருக வைத்தியம் படிச்சு முடிச்சு வந்த புதுசில ஒருத்தர் போன் பண்ணி ஒரு குட்டி வாடிப்போய்க் கிடக்கு எண்டார், நான் ஒண்டும் விசாரிக்காம பால் பருக்குங்க எண்டு சொல்லிட்டன். அவர் பாவம், சொன்னபடியே சிரிஞ்சால மெல்ல மெல்லப் பருக்கியிருக்கிறார். குட்டி குளிர்ந்து விறைச்சுப் போய் இருந்திருக்கு, விழுங்கப் பலம் இல்ல, பால் சுவாசப்பைக்குள்ள போய் விடியிறதுக்குள்ள முடிஞ்சிட்டு. பிழை என்ட. அதுக்குப் பிறகு ஆர் கேட்டாலும் நான் முதல்ல கேக்கிறது ஒரே கேள்வி, குட்டிட வாய்க்குள்ள விரல் வச்சுப் பாத்தீங்களா?

நீங்களும் அதைச் செய்யுங்க. சுண்டுவிரலை நல்லாக் கழுவி குட்டிட வாய்க்குள்ள விடுங்க. சுகமான குட்டிட வாய் வெதுவெதுப்பா ஈரமா இருக்கும், விரலை நாக்கால சுத்திப் பிடிச்சு இழுக்கும், இத்தினூண்டு உடம்பில இவ்வளவு இழுவையா எண்டு உங்களுக்கே ஆச்சரியமா இருக்கும். வாய் குளிரா இருந்தா, இழுக்காமச் சும்மா கிடந்தா, ஒரு சொட்டுப் பாலும் வேணா, முதல் சூடு. உங்கட நெஞ்சோட சட்டைக்குள்ள வச்சுப் பிடிங்க, அதைவிட நல்ல இடம் இல்ல. இல்லாட்டிப் பிளாஸ்டிக் போத்தலில சுடுதண்ணி ஊத்தி மூடி, துவாயால ரெண்டு சுத்துச் சுத்தி, பக்கத்தில அணைச்சு வைங்க, தோலில நேராப் பட விடாதீங்க, பொசுங்கிடும். ஒரே அடியாச் சூடாக்க வேணா, ஒண்டு ரெண்டு மணித்தியாலம் எடுத்து மெல்ல மெல்ல. சூடு ஏறி வரேக்க சீனியக் கொஞ்சம் இளஞ்சூட்டுத் தண்ணியில கரைச்சு ஒரு சொட்டு முரசில தடவலாம். அது அசைஞ்சு, தலையத் தூக்கி எதையோ தேடத் தொடங்கும் பாருங்க, அதுதான் பால் குடுக்கிற நேரம்.

அந்த நேரம் போத்தலை எடுக்காதீங்க. குட்டியத் தாயிட்டக் கொண்டு போங்க. மற்ற அஞ்சையும் சுடுதண்ணிப் போத்தலோட ஒரு பெட்டிக்குள்ள கொஞ்ச நேரம் வச்சிட்டு வெள்ளைய மட்டும் பின்கால் பக்கத்து முலையில பிடிங்க, பின்னுக்கு இருக்கிற முலைகளிலதான் பால் கூட. பத்து, பதினஞ்சு நிமிசம் தனியக் குடிக்கட்டும். இப்பிடி ஒரு நாளைக்கு அஞ்சாறு தரம், ராவையிலயும் ஒண்டு ரெண்டு தரம். ஜூலி உங்களைச் சேத்துக்கொள்ளும் எண்டா நீங்க செய்யுங்க, மகனை இதுக்குப் பக்கத்தில விட வேணா.

இன்னொரு விசயம், குட்டிட வாயத் திறந்து மேலண்ணத்தை ஒருக்கா லைட் அடிச்சுப் பாருங்க. பிளவு இருந்தா குடிக்கிற பால் மூக்கால வரும், அது எவ்வளவு பால் குடுத்தாலும் வளராது, அப்பிடி இருந்தா உடன மிருக வைத்தியரிட்ட காட்டுங்க.

அம்மா பருக்கின பாலைப் பத்தி. அவட அன்பைக் குறை சொல்ல நான் ஆர், எல்லா வீட்டிலயும் இதுதான் நடக்குது. ஆனா கணக்கைப் பாருங்க. நாய்ப்பாலில கொழுப்பு 9 வீதம் அளவில, புரதம் 7, 8 வீதம். பசுப்பாலில கொழுப்பு 4 வீதம் மட்டில, புரதம் 3 வீதத்துக்குக் கொஞ்சம் மேல. அதாவது பசுப்பால் தன்னிலயே நாய்க்குட்டிக்குப் பாதிப்பால்தான், அதுக்குப் பாதித் தண்ணி விட்டா காப்பால். வயிறு நிறையும், உடம்பு நிறையாது. பால்ச்சீனி மட்டும் பசுப்பாலில கூட, அதுதான் வயித்தால போகுது. வயித்தால போற குட்டி தண்ணி வத்தி ஒரே நாளில போயிடும், அதால அந்தத் தண்ணிப்பாலை இண்டையோட விடுங்க. ஆட்டுப்பாலும் தனிய இதுக்குக் காணாது. டின்பால் கிட்டயும் கொண்டு போகாதீங்க.

தாயிட்டப் பால் காணாது, கட்டாயம் மேலதிகமாக் குடுக்கத்தான் வேணும் எண்டா நாய்க்குட்டிக்கெண்டு விக்கிற பால்மா இருக்கு, மட்டக்களப்பு டவுனுக்குப் போறவங்களிட்டச் சொல்லி எடுப்பிக்கலாம். அது கையில வரும் வரைக்கும் ஒண்டு ரெண்டு நாளுக்கு மட்டும் வீட்டில இப்பிடிச் செய்யலாம்: தண்ணி விடாத முழுப்பால் ஒரு கப் காய்ச்சி ஆறவிட்டு, மூண்டு முட்டை மஞ்சள் கரு, ஒரு மேசைக்கரண்டி சோள எண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, நல்லா அடிச்சு வடிச்சு பிரிட்ஜில வச்சு, ஒவ்வொரு தரமும் குடிக்கிற அளவை மட்டும் எடுத்து இளஞ்சூடாக்கிக் குடுங்க. அளவு, 100 கிராம் குட்டிக்கு ஒரு நேரத்துக்கு 4 மில்லிக்கு மேல போக வேணா, வயிறு அவ்வளவுதான். ரெண்டு மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. பிடிக்கிற விதம்தான் எல்லாத்தையும் விட முக்கியம். பிள்ளைய மடியில மல்லாக்க வச்சுப் பருக்கிற மாதிரிப் பருக்கினா பால் நேரா நெஞ்சுக்குள்ள போகும். குட்டி தாயிட்டக் குடிக்கேக்க எப்பிடிக் கிடக்கு? குப்புறக் கிடந்து, தலையக் கொஞ்சம் தூக்கி, முன்கால் ரெண்டாலயும் மடிய அமத்தி அமத்தி. அதே மாதிரி மடியில துவாயப் போட்டு அதில குப்புறப் படுக்க வச்சுக் குடுங்க.

குடிச்ச பிறகு இன்னொரு வேலை இருக்கு. மூண்டு கிழமை மட்டும் குட்டிகள் தானா ஒண்டுக்கு ரெண்டுக்குப் போகாது, தாய் நக்கினாத்தான் போகும். ஜூலி அதை நக்கல எண்டா பஞ்சை இளஞ்சூட்டுத் தண்ணியில நனைச்சு அடியில மெல்லமாத் தடவுங்க, போகும். இது தெரியாம எத்தினை குட்டி வயிறு ஊதிச் செத்திருக்கு.

இனி ஒரு தராசு வேணும். கேக் அடிக்கிற வீட்டில எல்லாம் இப்ப சின்ன டிஜிட்டல் தராசு இருக்கு, இரவல் வாங்குங்க. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில, விடிய எண்டா விடிய, ஆறையும் ஒவ்வொண்டா ஒரு கோப்பையில வச்சு நிறுத்து கொப்பித் தாளில எழுதுங்க. நிறம் ஒரே மாதிரி எண்டா கழுத்தில நூல் கட்டாதீங்க, நகப்பூச்சால முதுகு மயிரில ஒரு பொட்டு வச்சாப் போதும். பிறந்த நேரம் 250 கிராம் இருந்த குட்டி எட்டு, பத்து நாளில 500ஐத் தொட வேணும். ஒவ்வொரு நாளும் கொஞ்சமாவது ஏற வேணும், ஒரு நாள் ஏறாம நிண்டா கவனம், குறைஞ்சா அது நோய்க்கு முதல் அறிகுறி. கண்ணுக்குக் குட்டி நல்லாத்தான் தெரியும், தராசு ஒரு நாள் முந்தியே சொல்லிடும், அந்த ஒரு நாள்தான் எங்களுக்குக் கிடைக்கிற நேரம்.

நீங்க கடிதம் முழுக்க குட்டிக்கு என்ன குடுக்கிற எண்டு கேட்டிருக்கீங்க, ஜூலி என்ன தின்னுது எண்டு ஒரு வரி எழுதல. நான் இதைத்தான் எல்லாரிட்டயும் சொல்றன், குட்டிக்குப் பால் தேடாதீங்க, தாய்க்குச் சோறு போடுங்க. ஆறு குட்டிக்குப் பால் குடுக்கிற நாய் மூணாம் நாலாம் கிழமை வரேக்க வழமையாத் தின்னிறதப் போல மூண்டு மடங்கு வரைக்கும் தின்ன வேணும். எங்கட வீடுகளில நடக்கிறது என்ன, மத்தியானம் மிஞ்சின சோத்துக்கு ஆணம் ஊத்தி ஒரு நேரம். அதில கொச்சிக்கா, உப்பு, வெங்காயம், உள்ளி. வெங்காயமும் உள்ளியும் நாய்ட இரத்தத்தில சிவப்பு அணுவ உடைக்கும், கொஞ்சம்தானே எண்டு ஒவ்வொரு நாளும் குடுத்தா அதுவே சேந்திடும்.

ஜூலிக்குத் தனியா ஒரு சட்டியில காய்ச்சுங்க. விடிய கடற்கரைக்குப் போனா கீரி, சாளை மீன் மலிவா எடுக்கலாம், அதைப் பிரஷர் குக்கரில முள்ளு மசியும் வரைக்கும் அவிச்சு, கையால பிசைஞ்சு முள்ளுக் குத்துதா எண்டு பாத்து, சோத்தோட குழைங்க. முள்ளு மசிஞ்சு போறதால கல்சியமும் அதுக்குள்ளயே வரும். மீன் பச்சையாக் குடுக்க வேணா. மீன் இல்லாத நாளில கோழித் துண்டு அவிச்சு எலும்பு எடுத்துப் போடுங்க, அவிச்ச கோழி எலும்பு ஊசி மாதிரி உடைஞ்சு குடலைக் குத்தும். ஒரு முட்டை அவிச்சு, பூசணித் துண்டு ரெண்டு, கொஞ்சம் எண்ணெய். கையில காசு இருந்தா நாய்க்குட்டிக்கு விக்கிற பிஸ்கட் உணவையும் கலவுங்க, பால் குடுக்கிற தாய்க்கும் அது பொருந்தும். ஒரே நேரத்தில ஒரு மலையைப் போடாம நாலு நேரமாப் பிரிச்சுப் போடுங்க, குட்டிய விட்டுத் தூரம் போக விரும்பாது, அதால பெட்டிக்குப் பக்கத்திலயே வைங்க. தண்ணிச் சட்டி எந்த நேரமும் நிறைஞ்சிருக்க வேணும், பால் எண்டதே தண்ணிதானே.

இப்ப கல்சியம் குளிசை. வயித்தில குட்டி இருக்கேக்க குடுக்கல எண்டா நல்ல வேலை செய்திருக்கீங்க. நாய்ட உடம்புக்கு எலும்பில இருந்து கல்சியத்தை எடுத்து இரத்தத்துக்கு விடுற ஒரு வேலை இருக்கு. வெளியில இருந்து நாங்க அள்ளிக் குடுத்தா அந்த வேலை மந்தமாப் போயிடும், குட்டி போட்டுப் பால் பெருகி வரேக்க திடீரெண்டு தேவை கூடும், அந்த நேரம் உடம்பால எடுத்துக் குடுக்க ஏலாமப் போகும். அதனால நீங்களா வாங்கிக் குடுக்க வேணா, தேவை எண்டா பாத்திட்டு வைத்தியர் தருவார்.

அந்தக் கல்சியம் குறையிற நோயை நீங்க தெரிஞ்சு வச்சிருக்கத்தான் வேணும், ஏனெண்டா அது அனேகமா வாறது ரெண்டாம் கிழமையில இருந்து நாலாம் கிழமைக்குள்ள, எல்லாம் நல்லாப் போகுது எண்டு நாங்க நினைச்சு இருக்கிற நேரத்தில. ஒரு நாள் ராவு பதினொரு மணி இருக்கும், கல்லடியில இருந்து ஒரு சின்ன வெள்ளைப் பொமரேனியனை ஓட்டோவில கொண்டு வந்தாங்க, அஞ்சு குட்டி, மூணாம் கிழமை. பின்னேரம் சும்மா மூச்சு இளைச்சுதாம், அங்கயும் இங்கயும் நடந்துதாம், குட்டிகளைக் கிட்ட எடுக்கலயாம், வெக்கைக்கு எண்டு நினைச்சு விட்டுட்டாங்க. என்னிட்ட வரேக்க நாலு காலும் கம்பு மாதிரி விறைச்சு, உடம்பு முழுக்கத் துடிச்சு, நெருப்பாக் கொதிக்குது. கல்சியத்தை நரம்பில மெல்ல மெல்ல ஏத்தினன், ஒரு கையில சிரிஞ்ச், மற்றக் கையால நெஞ்சில குழாய வச்சு இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே, கெதியா ஏத்தினா இதயம் நிண்டுடும். பாதி போகேக்க கால் இளகிச்சி, மறுகா கண் என்னைத் தேடிச்சி, இருபது நிமிசத்தில தலையத் தூக்கி அந்த வீட்டு அம்மாட கைய நக்கிச்சி. இன்னும் ஒரு மணித்தியாலம் சுணங்கியிருந்தா அது இல்ல. சின்ன சாதி நாய்க்கும் குட்டி கூடப் போட்ட நாய்க்கும்தான் இது கூட வரும், ஜூலி நடுத்தர ஊர் நாய் எண்டாலும் ஆறு குட்டி, அதால கண் வைச்சிருங்க. காரணமில்லாம மூச்சு இளைக்கிறது, ஒரு இடத்தில நிக்க மாட்டாம அலையிறது, கால் விறைச்ச மாதிரி நடக்கிறது, முகத்தில துடிப்பு, இதில எது தெரிஞ்சாலும் ராவு பகல் பாக்காதீங்க, குட்டிகளை உடன பிரிச்சு வச்சிட்டுத் தாயத் தூக்கிட்டு ஓடுங்க.

ஜூலி விறகுப் பக்கம் போறது பிடிவாதத்தில இல்ல. நீங்க குடுத்த விறாந்தையில காத்து, வெளிச்சம், வாற போற ஆக்கள், அதோட மகன். அது தேடிப் போற இடம் இருட்டு, மூண்டு பக்கமும் மறைவு, அடுப்புச் சூடும் கிட்ட. அது சொல்றதக் கேளுங்க. ஆனா விறகுக்குள்ள தேள், பாம்பு, மழை ஒழுக்கு எல்லாம் இருக்கும், அதால குசினிக்குள்ளயே ஒரு மூலையில பெட்டிய வச்சு, மேலால ஒரு சேலைய மறைப்பாத் தொங்க விடுங்க. ஜூலி காலை நீட்டிப் படுக்கிற நீள அகலம் வேணும், விளிம்பு ஒரு சாண் உயரம் இருந்தாக் காணும், குட்டி வெளிய விழாது தாய் தாண்டிப் போகும். அடியில பேப்பர், அதுக்கு மேல பழைய பருத்திச் சாரம், ஒவ்வொரு நாளும் மாத்துங்க. உரபேக்கை விரிக்காதீங்க, ஈரம் ஊறாது, கால் வழுக்கும். உள்பக்க ஓரம் முழுக்கத் துணியச் சுருட்டி வச்சா தாய் சாஞ்சு படுக்கேக்க குட்டி சுவரோட நெரிபடாது. பெட்டிக்குள்ள 30 பாகை அளவில சூடு இருந்தா முதல் கிழமைக்கு நல்லம். எல்லாக் குட்டியும் ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறிக் குவிஞ்சு கிடந்தாக் குளிர், தூரத் தூரப் பரவிக் கிடந்து இளைச்சா வெக்கை கூட, ஒண்டோட ஒண்டு சாஞ்சு நித்திரை கொண்டா சரியாயிருக்கு.

எறும்பு! எங்கட ஊர் மணலில இதை எழுதாம விடேலாது. சிந்தின பாலுக்கும் தொப்புள் ஈரத்துக்கும் நெருப்பெறும்பு ராவோட ராவா வரும், கண் திறக்காத குட்டிக்குத் தப்பத் தெரியாது. விடிய வந்து பாத்து அழுத வீடுகளை நான் கண்டிருக்கிறன். பெட்டிய நிலத்தில வைக்காம ஒரு பலகையில வச்சு, பலகைட நாலு மூலைக்கும் கீழ டின்னில தண்ணி விட்டு அதுக்குள்ள செங்கட்டி வச்சு ஏத்துங்க, தண்ணியில ரெண்டு சொட்டுச் சவுக்காரம் விட்டா எறும்பு மிதந்து கடக்காது. ஜூலி ஏறி இறங்கேக்க ஆடாம இருக்குதா எண்டு பாருங்க. எறும்புப் பவுடர் கிட்டயும் தூவாதீங்க. தொப்புளில ஈ மொய்ச்சா புழு வைக்கும், ஒரு சொட்டு பீட்டடீன் தடவி, மேலால நுளம்பு வலையப் போட்டு விடுங்க, நுளம்புத்திரி அந்த மூலையில வேணா.

கறுப்புச் சிவப்பாப் போறது பயப்பட ஒண்டுமில்ல. குட்டி போட்ட நாய்க்கு மூண்டு கிழமை மட்டும் அப்பிடிப் போகும், நாளுக்கு நாள் குறைஞ்சு கொண்டு வர வேணும். பாக்க வேண்டியது மணம். அழுகின மணம், சீழ் மாதிரி, அதோட சாப்பிடாமக் கிடக்குது எண்டா கருப்பையில கிருமி, அதுக்கு அண்டைக்கே மருந்து வேணும். பாமசியில ஒரு தெர்மோமீற்றர் வாங்கி நாய்க்கெண்டே வச்சிருங்க, நுனியில தேங்காயெண்ணெய் பூசி பின்பக்கத்தால பாக்கிறது, 38 தொடக்கம் 39.2 வரை சரி, 39.5 தாண்டினா காட்டுங்க. காய்ச்சல் எண்டு பனடோல் குடுக்கவே வேணா. ஒரு நாளைக்கு ஒருக்கா மடியையும் தடவிப் பாருங்க, ஒரு முலை மட்டும் கல்லா, சிவந்து, தொட்டா ஜூலி கத்துது எண்டா மடி வீக்கம்.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன விசயம். கண் 10 தொடக்கம் 14 நாளில தானாத் திறக்கும், விரலால பிரிக்காதீங்க. அந்த நேரத்தில நக நுனிய வெட்டி விடுங்க, இல்லாட்டி ஜூலிட மடியெல்லாம் கீறும், கீறலால அது குட்டியக் கிட்ட எடுக்காது. பூச்சி மருந்து ரெண்டாம் கிழமையில தொடங்கி ரெண்டு கிழமைக்கு ஒருக்கா எட்டாம் கிழமை வரைக்கும், ஜூலிக்கும் சேத்து. வட்டப்புழு தாய்ட வயித்திலயே குட்டிக்கு வந்திடும், பாலாலயும் வரும், அந்த முட்டை மண்ணில இருந்து மகன்ட வாய்க்கும் போகும். நிறை பாத்துத்தான் மருந்து, வீட்டில இருக்கிற மனுசர்ட குளிசையப் பிச்சுக் குடுக்க வேணா. தெள்ளுக்கும் உண்ணிக்கும் இந்த வயசில பவுடர், ஸ்ப்ரே, மண்ணெண்ணெய் ஒண்டும் கூடாது, தெள்ளுச் சீப்பால வாரிச் சவுக்காரத் தண்ணியில போடுங்க. முரசு வெளிறிப் போயிருந்தா தெள்ளு இரத்தத்தைக் குடிச்சிருக்கலாம். மூண்டரை, நாலு கிழமையில குழைச்ச சோறு பழக்கலாம். தடுப்பூசி ஆறு, எட்டுக் கிழமையில இருந்து.

மகனை முழுசா விரட்டாதீங்க. இப்ப தூரத்தில இருந்து பாக்கட்டும். மூண்டு கிழமை போனா அவன்ட காலம் வரும், அதில இருந்து பன்னிரண்டாம் கிழமை வரைக்கும் குட்டிகள் மனுசரோட பழகிற வயசு, கைய கழுவிட்டு நிலத்தில இருந்து மடியில வச்சுத் தடவலாம்.

கடைசியா மாமி சொன்னது. மாமிட பயம் எனக்கு விளங்குது தங்கச்சி, நாலு பெட்டை வளந்து ஒவ்வொண்டும் குட்டி போட்டா வளவு தாங்குமா, வாற கேள்விக்குப் பதில் சொல்றது ஆர்? ஆனா ஆறு நாள் குட்டியத் தாயிட்ட இருந்து எடுத்துச் சந்தையடியிலயோ கோயிலடியிலயோ விட்டா அது பிழைக்கிறதுக்கு வழியே இல்ல, சூடும் இல்ல, பாலும் இல்ல, ஒண்டுக்குக் கூடத் தானாப் போக ஏலாத உயிர். நாலையும் ஒரே அடியா எடுத்தா ஜூலிட மடியில பால் கட்டி மடி வீக்கம் வரவும் பாக்கும். பெட்டைக் குட்டியத் தூக்கி எறிஞ்சு இந்தப் பிரச்சினை தீராது, ஜூலி இன்னும் ஆறேழு மாதத்தில திரும்பச் சூட்டுக்கு வரும், 63 நாளில இன்னொரு ஆறு. தீர்வு ஆப்பரேஷன்தான். குட்டிகள் பால் மறந்து, ஜூலிட மடி வத்தின பிறகு கருத்தடை செய்யலாம், கிட்டத்தட்ட மூண்டு மாதக் கணக்கு. இலவசமாச் செய்யிற முகாம் எப்ப எண்டு உங்கட பிரதேச மிருக வைத்தியர் அலுவலகத்திலயும் பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாட்டயும் இப்பவே கேட்டு வைங்க. பெட்டைக் குட்டிகளுக்கும் ஆறு மாதத்தில அதையே செய்யலாம், "ஆப்பரேஷனுக்கு நாங்க கூட்டிட்டுப் போறம்" எண்டு சொல்லிக் குடுத்தா பெட்டை எண்டாலும் எடுக்க ஆக்கள் வருவாங்க. எட்டுக் கிழமைக்கு முந்தி மட்டும் ஆருக்கும் குடுக்காதீங்க. இதை மாமிக்கு நீங்க வாசிச்சுக் காட்டுங்க, வேணுமெண்டா அவவ போனில என்னோட கதைக்கச் சொல்லுங்க, நான் பொறுமையாச் சொல்றன்.

வெள்ளைக் குட்டிய நாளைக்கு விடிய நிறுத்துப் பாருங்க, நாளண்டைக்கும் பாருங்க. ரெண்டு நாளும் ஏறாட்டி, இல்லாட்டி வயித்தால போறது நாளைக்கும் நிக்காட்டி உங்கட மிருக வைத்தியரிட்டக் கொண்டு போங்க. அதைத் தனியத் தூக்கிட்டுப் போகாம தாயையும் ஆறு குட்டியையும் ஒரே பெட்டியில, ஓட்டோவில, சுடுதண்ணிப் போத்தல் பக்கத்தில வச்சு, மழைக்கு மேலால ஒரு படங்குத் துண்டப் போட்டு. நிறை எழுதின கொப்பித் தாளை மறந்திடாதீங்க, வைத்தியர் முதல்ல கேக்கிறது அதைத்தான்.